நெடுந்தீவில் 6 நாள் கடலுயிரியல் களப்பயிற்சி: பட்டியல் போட உதவி வேணும்

நாரை_21 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். விலங்கியல் மூன்றாம் வருடம். மார்ச்சில் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான நெடுந்தீவில் 6 நாள் களப்பயிற்சி. மாணவர் 14 பேர், விரிவுரையாளர் 2 பேர். தங்கப்போவது ஒரு வாடகை வீடு. ஆய்வுகூடம் என்று ஒன்றும் இல்லை. விறாந்தையில் நீளமான மேசை ஒன்று, முற்றத்தில் கிணறு ஒன்று, அவ்வளவுதான்.

செய்யவேண்டிய வேலை மூன்று: கடற்புல் எவ்வளவு பரப்பை மூடியிருக்கு என்ற மதிப்பீடு, மணலுக்குள் இருக்கிற சிறு விலங்குகளை எடுத்து எண்ணுவது, ஒவ்வொரு நாளும் உப்புச்செறிவும் வெப்பநிலையும். பொருள் பட்டியல் போடும் பொறுப்பு எனக்கும் இன்னொருவருக்கும் வந்திருக்கு. பழைய பட்டியல் ஒன்று கையில் இருக்கு, ஆனால் அது ஆய்வுகூட வசதி உள்ள இடத்துக்கு எழுதியது. அதில் 5 லீற்றர் போமலின் (மாதிரிகளைப் பதப்படுத்துகிற நச்சுத் திரவம்) என்று கிடக்கு. அதை நெடுந்தீவு வள்ளத்தில் ஏற்றலாமா என்பதே எனக்குப் பயம்.

நாள் இன்னும் முடிவாகேல்லை. மார்ச் 2ஆம் கிழமை அல்லது 3ஆம் கிழமை. எதைப் பார்த்து முடிவெடுக்கிறது? அண்ணாமார் அக்காமார் தெரிந்ததைச் சொல்லுங்கோ.

---

கொண்டல்காத்து எழுதியது:

தங்கச்சி, முதலில் நாளை முடிவெடுங்கோ, பட்டியல் பிறகு. கிழமையைப் பார்க்காதேங்கோ, பஞ்சாங்கத்தைப் பாருங்கோ.

எங்கட பக்கத்தில் வத்துக்கும் (கடல் இறங்குகிறது) பெருக்குக்கும் (ஏறுகிறது) இடையில் ஒரு மீற்றர்கூட இல்லை. அதிலும் அட்டமி, நவமியை ஒட்டின நாட்களில் கடல் வத்தின மாதிரியே தெரியாது. முழங்கால் தண்ணிக்குள் நின்று அளவெடுக்கிற சதுரச் சட்டத்தை வைக்கவேண்டி வரும், புல்லின் நுனியைப் பார்த்து இனம் பிரிக்கேலாது. அமாவாசை அல்லது பறுவம் (பௌர்ணமி), அதுக்குப் பிறகு வருகிற ஒன்றிரண்டு நாள், இதுதான் உங்களுக்கு வேணும். பறுவத்துக்கு முதல் நாள் போய் இறங்கினால் நல்ல வத்து உள்ள 4 நாள் கையில் கிடைக்கும், கடைசி நாள் பொதி கட்டுகிறதுக்கு.

அடுத்தது நேரம். வத்து ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். முதல் நாள் காலை 6 மணிக்கு என்றால் ஆறாம் நாள் 10 மணி தாண்டிவிடும். அதனால் 'காலை 8 மணிக்குக் களம்' என்று அட்டவணை அடிக்காதேங்கோ. சமையல் செய்கிற ஆளுக்கும் இதை முன்கூட்டியே சொல்லவேணும், இல்லாட்டி நல்ல வத்து நேரத்தில் எல்லாரும் இடியப்பத்துக்கு வரிசையில் நிற்பினம்.

கொழும்புத் துறைமுக நேரத்தை அப்படியே எடுத்து நெடுந்தீவுக்குப் போடவும் கூடாது, பொருந்தாது. போய் இறங்கின அன்றைக்கே ஒரு அளவுகோல் நடுங்கோ. 2 மீற்றர் பி.வி.சி குழாய், 1 செ.மீ.க்கு ஒரு கோடு, 10 செ.மீ.க்கு ஒரு தடித்த கோடு. அதோடு அரை அங்குலக் கண்ணாடிக் குழாய் (தண்ணி தெரிகிற மெல்லிய ஹோஸ்) ஒன்றைச் சேர்த்துக் கட்டுங்கோ. ஹோஸின் அடியை ஒரு தக்கையால் அடைத்து, தக்கையில் 2 மி.மீ ஓட்டை ஒன்று போடுங்கோ. மேல்வாய் திறந்தே இருக்கட்டும். வெளியில் அலை அடிச்சாலும் ஹோஸுக்குள் நிற்கிற தண்ணி ஆடாது, மட்டத்தைச் சரியாக வாசிக்கலாம். அரை மணிக்கு ஒரு வாசிப்பு, ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 12½ மணித்தியாலம். இரண்டு பேர் மாறி மாறி இருந்தால் முடியும். அடுத்த நாளில் இருந்து எந்தத் துறைமுக அட்டவணையும் தேவையில்லை.

காத்தையும் கணக்கில் எடுங்கோ. வத்துப்பெருக்கே இவ்வளவு சின்னதாக இருக்கிற இடத்தில் கரையைப் பார்த்து அடிக்கிற காத்து ஒரு சாண் தண்ணியைத் தள்ளிக்கொண்டு வந்து வைச்சால் உங்கட வத்து போச்சு. மார்ச் நல்ல காலம், வாடை (வடக்கில் இருந்து வருகிற காத்து) ஓய்ந்து சோழகம் (தென்மேற்குக் காத்து) தொடங்க முதல் உள்ள இடைவெளி. மேக்குப் பிறகு இந்த வேலையை யோசிக்கவே வேண்டாம், குறிகட்டுவானில் இருந்து வள்ளம் ஓடுமோ ஓடாதோ என்றே சொல்லேலாது.

---

வேலிக்கல் எழுதியது:

கருவிகள் பற்றி.

கடற்புல் மதிப்பீட்டுக்கு உலகெங்கும் பாவிக்கிற எளிய முறையை எடுத்துக்கொள்ளுங்கள்: 50 மீற்றர் கோடு மூன்று, ஒன்றுக்கொன்று 25 மீற்றர் இடைவெளியில் சமாந்தரமாக. ஒவ்வொரு கோட்டிலும் 5 மீற்றருக்கு ஒருமுறை 50 × 50 செ.மீ சட்டம். 0 மீற்றரையும் சேர்த்து ஒரு கோட்டில் 11, மொத்தம் 33 சட்டம். 14 பேர் என்றால் மூன்று குழு போதும், மிச்சப்பேர் உப்புச்செறிவும் மணல் மாதிரியும்.

அளவுநாடா ஃபைபர்கிளாஸ் ஆக இருக்கவேண்டும். இரும்பு நாடா இரண்டாம் நாளே துருப்பிடித்துச் சுருளாது. நான்கு நாடா, மூன்று போதாது.

சட்டத்தை வாங்க வேண்டாம், செய்யலாம். அரை அங்குல பி.வி.சி குழாய், நான்கு முழங்கை மூட்டு. முதலில் பசை போடாமல் மாட்டிப் பார்த்து, உள்விளிம்பில் இருந்து உள்விளிம்புக்கு 50 செ.மீ வருகிறதா என்று அளவுங்கள். மூட்டு குழாயை எவ்வளவு விழுங்கும் என்பது கடைக்குக் கடை மாறும். எதிரெதிர் மூலை இரண்டுக்கு மட்டும் பசை. மற்ற இரண்டும் கழன்றால்தான் வள்ளத்தில் கட்டாகக் கட்டிக் கொண்டுபோகலாம். குழாயில் 10 செ.மீ.க்கு ஒன்றாகத் துளை போட்டுத் தங்கூசி (நைலோன்) நூலைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்தால் 25 சிறு கட்டம் வரும், ஒன்று 4 வீதம். அந்தத் துளைகளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: காற்று வெளியேறித் தண்ணீர் உள்ளே போகும். துளை இல்லாத சட்டம் மிதக்கும், பிடித்து அமுக்கிக்கொண்டே எண்ணவேண்டும்.

மூடிய பரப்பை வீதமாகச் சொல்வதில்தான் தரவு கெடும். ஆளுக்கு ஆள் கண் வேறு. குறைவாக மூடிய இடத்தைப் புதியவர்கள் அநேகமாகக் கூட்டித்தான் சொல்வார்கள். முதல் நாள் ஐந்து சட்டத்தை எல்லாரும் தனித்தனியாகப் பார்த்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தச் சட்டத்துக்கே திரும்பிப்போய்ப் பேசித் தீருங்கள். இந்த அரைமணித்தியாலத்தைச் சேமித்தால் 33 சட்டமும் வீண்.

இனம் பிரிப்பது கடினமில்லை, பாக்கு நீரிணைப் பக்கத்தில் அடிக்கடி காண்பது ஆறேழு. நாடா மாதிரி நீண்டு, அடியில் கறுத்த தும்பு நின்றால் எனாலஸ். உருளையாக, ஈர்க்கு மாதிரி என்றால் சிறிங்கோடியம். சோடி சோடியாக முட்டை வடிவ இலை, ஹாலோபிலா ஓவாலிஸ். குழப்புவது மூன்று: சைமோடோசியா செருலாட்டாவின் நுனியில் வாள்பல் இருக்கும், ரொட்டன்டாட்டாவின் நுனி வழவழப்பாக வட்டமாக இருக்கும், ஹாலோடியூல் நுனியில் மூன்று பல் தெரியும். தலாசியாவின் இலையில் சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகள். நுனி மேய்ந்து போயிருந்தால் அந்த இலையை விட்டு இளம் இலையைப் பாருங்கள். பத்து மடங்கு கைலென்ஸ் குழுவுக்கு ஒன்று. ஊரில் எல்லாவற்றையும் சேர்த்துச் சாதாளை என்பார்கள், தரவுத்தாளில் அப்படி எழுதிவிடாதீர்கள்.

மணல் மாதிரிக்கு 4 அங்குலக் குழாய் 30 செ.மீ துண்டு. உள்விட்டத்தைக் கலிப்பரால் அளந்து எழுதுங்கள், '4 அங்குலம்' என்பது பெயர் மட்டுந்தான். உள்விட்டம் 10 செ.மீ என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ, சதுர மீற்றருக்கு மாற்ற 127.3 ஆல் பெருக்கவேண்டும். ஒரு விளிம்பை அரத்தால் கூராக்குங்கள், இல்லையென்றால் எனாலஸின் வேர்த்தண்டு வெட்டுப்படாமல் குழாயோடு கீழே அமுங்கும். இழுத்தெடுக்கும்போது மேல்வாயை றப்பர் மூடியால் இறுக்கி மூடவேண்டும். மூடாமல் இழுத்தால் மணல் அத்தனையும் குழியிலேயே நின்றுவிடும்.

இன்னொன்று. நெடுந்தீவு சுண்ணக்கல் தீவு. பல இடத்தில் மணல் ஒரு மெல்லிய போர்வைதான், கீழே பாறை. 20 செ.மீ இறக்கலாம் என்று திட்டம் போட்டுவிட்டு 8 செ.மீ.இல் குழாய் முட்டினால் மாதிரிகளை ஒப்பிட ஏலாது. 6 மி.மீ இரும்புக்கம்பி ஒன்றால் முதலில் குத்திப் பார்த்து, எல்லா இடத்திலும் இறங்கக்கூடிய ஆழத்தையே பொது ஆழமாக வையுங்கள்.

---

நாரை_21 எழுதியது:

அண்ணை, அக்கா, மிக்க நன்றி. துளை விசயம் தெரியாமல் சட்டம் செய்திருப்பம். பறுவத்தை வைத்து நாளை மாத்தக் கேட்கிறன்.

மாதிரி 18 வரும் (கோட்டுக்கு 6). போமலினா, அல்கஹோலா? எவ்வளவு?

---

அரை_மில்லி எழுதியது:

போமலின் வேண்டாம். காரணம் பயம் அல்ல, கணக்கு.

பயணிகள் நிறைந்த வள்ளத்தின் அடித்தட்டில் ஒரு மூடி கசிந்தால் ஒரு மணித்தியாலப் பயணத்துக்கு ஒருவரும் அங்கே இருக்கேலாது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. வீட்டு விறாந்தையில் புகைபோக்கி இல்லை. கழிவைத் தீவில் எங்கேயும் ஊற்றேலாது, திரும்பவும் அதே வள்ளத்தில்தான் கொண்டுவரவேணும். போராக்ஸ் போட்டுப் பதப்படுத்தாத போமலின் நாள்போக அமிலமாகி, சின்னச் சிப்பிகளின் ஓட்டையே கரைச்சுவிடும். நீங்கள் எண்ணப்போகிறதே அதைத்தானே.

70 வீத எதனோல் போதும். 18 மாதிரிக்கு 6 போத்தல் மேலதிகமாக வைத்து 24. அகல வாய் 250 மி.லீ போத்தல். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாதிரி போடாதேங்கோ, மிச்சம் ஏறக்குறைய 170 மி.லீ எதனோல். 24 போத்தலுக்கு 4 லீற்றர் சொச்சம். விலங்கின் உடலில் உள்ள தண்ணி வெளியேறி எதனோலை ஐதாக்கும், அதனால் 24 மணித்தியாலத்துக்குப் பிறகு ஒருதரம் மாற்றவேணும். ஆக 8 லீற்றர். 95 வீதத்தில் இருந்து என்றால் 5.9 லீற்றர் எடுத்து வடிநீரால் 8 லீற்றர் ஆக்குங்கோ. யாழ்ப்பாணத்திலேயே கலந்து அடையுங்கோ. தீவுக் கிணற்றுத் தண்ணியிலோ கடல்நீரிலோ கலந்தால் உப்பு வெண்மையாகப் படிந்து மாதிரியை மூடும். எதனோல் தீப்பற்றும், அடுப்படிப் பக்கம் வைக்காதேங்கோ. வள்ளத்தில் ஏற்ற முதல் ஓட்டியிடம் சொல்லுங்கோ. வாங்குகிறது பீடத்துக் களஞ்சியம் ஊடாகத்தான், தனியாளாகக் கடையில் கேட்க ஏலாது.

நேரே எதனோலில் போட்டால் புழுக்கள் சுருண்டு துண்டு துண்டாகும். அதுக்கு முதல் மயக்கவேணும். மக்னீசியம் குளோரைட் (ஆறு நீர் மூலக்கூறு உள்ளது) 75 கிராம், வடிநீரில் கரைத்து 1 லீற்றர். அதையும் கடல்நீரையும் சம அளவு கலந்து அதில் 20–30 நிமிடம். ஊசியால் தொட்டால் அசையாவிட்டால் எதனோலுக்கு மாற்றலாம். இந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கட்டியாகும், தீவில் நிறுக்கவே வராது. 75 கிராம் பொட்டலமாக இங்கேயே நிறுத்து இரட்டைப் பையில் ஒட்டுங்கோ.

மணலை அப்படியே போத்தலில் அடைக்கிறதுதான் எல்லாரும் விடுகிற பிழை. வாளியில் கடல்நீரோடு போட்டுக் கையால் சுழற்றி, மணல் படிய முதல் மேல்நீரை 0.5 மி.மீ அரிதட்டில் ஊற்றுங்கோ. ஐந்து தரம். பாரமில்லாத புழு, இறால் இனம் எல்லாம் அரிதட்டுக்கு வந்துவிடும். அடியில் நிற்கிற மணலைத் தட்டில் பரப்பி, பாரமான சிப்பி சங்குகளைக் கண்ணால் பொறுக்கவேணும். இப்படிச் செய்தால் மாதிரி கைப்பிடிக்குள் அடங்கும்.

லேபல்: 2பீ பென்சிலால் தடித்த கடதாசியில் எழுதிப் போத்தலுக்கு உள்ளே போடுங்கோ. மார்க்கரால் வெளியில் எழுதினது எதனோல் ஒரு துளி பட்டவுடன் அழியும். அதை வெளியில் எழுதுகிறதெண்டால் எழுதுங்கோ, ஆனால் அதை நம்பாதேங்கோ. இடம், திகதி, கோடு, மீற்றர், ஆழம், எடுத்தவர் முதலெழுத்து.

உப்புமானியைப் பற்றி ஒரு வரி: வடிநீரில் 0 வைத்தால் மட்டும் காணாது. 3.65 கிராம் சுத்தமான சோடியம் குளோரைட்டை 96.35 கிராம் வடிநீரில் கரைச்சு ஒரு சின்னப் போத்தலில் கொண்டுபோங்கோ, அது 35 (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) காட்டவேணும். வெயிலில் சுட்ட கருவியில் துளியைப் போட்டு உடனே வாசிக்காதேங்கோ, அரை நிமிடம் பொறுங்கோ. வடிநீர் 10 லீற்றர்.

கடற்புல்லை எதனோலில் போடத் தேவையில்லை. நன்னீரில் ஒருதரம் அலசி, பழைய பேப்பருக்குள் விரிச்சு, இரண்டு பலகைக்கு இடையில் நாடாவால் இறுக்குங்கோ. பேப்பரை ஒவ்வொரு நாளும் மாற்றாவிட்டால் மூன்றாம் நாள் பூஞ்சணம். பாசி என்றால் மேலே மெல்லிய பருத்தித்துணி ஒன்று, இல்லாட்டி மேல் பேப்பரோடு ஒட்டிக்கொண்டு வரும்.

---

மாவலித்துறை எழுதியது:

நான் சொல்லுறது ஊர்ப்பக்க விசயம்.

தண்ணி: நெடுந்தீவில் பல கிணறு உவர். குளிக்க, வாளி கழுவ அது போதும். குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளுக்கு 5 லீற்றர் என்று வைச்சால் 16 பேருக்கு 6 நாளுக்கு 480 லீற்றர். வீட்டுக்காரரோடு ஒரு கிழமைக்கு முதலே கதைச்சு ஒழுங்குபண்ணுங்கோ, வந்திறங்கித் தேடாதேங்கோ.

அனுமதி: தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. உங்கட இடம் அதுக்குள் வருதோ என்று வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கோ. கல்முருகைகள் (பவளங்கள்) சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, செத்த துண்டைக்கூடப் பையில் போடாதேங்கோ. கடலட்டையும் சங்கும் எடுக்க அனுமதிப்பத்திரம் வேணும், படம் எடுத்து விடுங்கோ. முருகையின் கண்களை (சின்னக் குழிகளை) பார்த்துப் பழகவேணும் என்றால் ஊர் வேலிகளே முருகைக்கல்லால் அடுக்கினவைதான், ஒழுங்கை வழியே நடந்தாலே பாடம் நடத்தலாம். பிரதேச செயலகம், கிராம அலுவலர், கடற்படை எல்லாருக்கும் பெயர்ப்பட்டியல் ஒரு பிரதி. அடையாள அட்டை ஆளாளிடம். ட்ரோன் பறக்கவிடுகிற எண்ணம் இருந்தால் அதுக்குத் தனி அனுமதி.

எல்லாத்துக்கும் மேலே கடற்றொழிலாளர் சங்கத்துக்குச் சொல்லுங்கோ. நீங்கள் கோடு இழுக்கிற இடத்தில் ஆரும் வலை விட்டிருக்கலாம். கம்பு நட்டு நாடா கட்டினால் என்ன ஏதென்று கேட்க வருவினம். முதலே போய்க் கதைச்சால் எந்த இடத்தில் திருக்கை கிடக்கும் என்றும் அவையளே சொல்லுவினம்.

காலில் பழைய கன்வஸ் சப்பாத்து, அடி தடிப்பாக இருக்கவேணும். செருப்பு சேறில் கழரும். தண்ணிக்குள் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடக்கவேணும், திருக்கை அருண்டு விலகிப் போகும், மிதிச்சால்தான் குத்தும். முதலுதவிப் பெட்டியில் வினாகிரி 1 லீற்றர், ஜீவனி (தண்ணியில் கரைத்துக் குடிக்கிற உப்புத்தூள்) பைக்கற் 30, கிருமிநாசினி, சாமணம். சொறிமுட்டை (ஜெலிமீன்) பட்டால் உடனே வினாகிரி.

---

அரை_மில்லி எழுதியது:

மாவலித்துறை சொன்னதில் கடைசி வரிக்கு ஒரு திருத்தம். வினாகிரி எல்லாச் சொறிமுட்டைக்கும் அல்ல. பெட்டி வடிவத்தில் நாலு மூலையிலும் வால் தொங்குகிற வகைக்கு அது நல்லது, வெடிக்காத கொட்டுசெல்களை நிறுத்தும். ஆனால் நீலக் காற்றுப்பை மாதிரி மிதந்து கரையொதுங்குகிறதே, பைசேலியா, அதுக்கு வினாகிரியை அவுஸ்திரேலிய முதலுதவி வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை. கடல்நீரால் கழுவி, வாலைச் சாமணத்தால் எடுத்து, சுடுநீர். எதுக்குமே மணலால் தேய்க்கக் கூடாது.

திருக்கை முள், கல்மீன் முள் இரண்டுக்கும் சுடுநீர்தான் முதல். 45 பாகைக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தவேணும். வலியில் இருக்கிற கால் சூடு உணராது, அதனால் அடிபடாத காலை முதலில் விட்டுப் பாருங்கோ, அல்லது வெப்பமானி வையுங்கோ. களத்துக்குப் போகும்போது 2 லீற்றர் சுடுநீர்க் குடுவை இரண்டு கரையில் இருக்கட்டும். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ ஏறியிருந்தால் இழுத்தெடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு. கூம்புச் சங்கை ஒருவரும் கையில் தூக்கக் கூடாது, வெறுஞ் சங்கு என்று நினைச்சாலும்.

---

மாவலித்துறை எழுதியது:

சரி, வினாகிரியில் நான் பொதுவாகச் சொல்லிப்போட்டன். தீவில் ஆஸ்பத்திரி இருக்கு, ஆனால் பெரிய காயம் எண்டால் யாழ்ப்பாணத்துக்குத்தான் கொண்டுபோகவேணும், அது கடல் கடந்து. இறங்கின அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் எத்தனை பேர், எந்தக் கரை, எத்தனை நாள் என்று சொல்லி வைச்சிட்டு வாங்கோ. இழுப்பு, ஒவ்வாமை உள்ள பிள்ளையளின் மருந்து அவையளின் பையிலும் ஒன்று, விரிவுரையாளரிடம் ஒன்று.

---

நாரை_21 எழுதியது:

எல்லாத்தையும் அச்சடிச்சுக் கொண்டுபோய்க் காட்டினன். போமலின் பட்டியலில் இருந்து போயிட்டுது. பறுவத்துக்கு முதல் நாள் புறப்படுறதாக முடிவு. இனிப் பொதி கட்டுறதுதான். இரண்டு பெரிய இரும்புப் பெட்டி தருவினமாம், எல்லாம் அதுக்குள் அடங்கும். சரியோ?

---

வேலிக்கல் எழுதியது:

இரும்புப் பெட்டி வேண்டாம் தங்கச்சி. இறங்குதுறையில் பொருள் கைமாறித்தான் வள்ளத்துக்குள் போகும், ஒரு கை வள்ளத்தின் விளிம்பைப் பிடித்திருக்கும். ஒரு பொதி 15 கிலோவுக்குள். இறுக்கமான மூடியுள்ள 20 லீற்றர் பெயின்ற் வாளிகள் நல்லது: தண்ணீர் புகாது, தீவில் மணல் அலசவும் அதே வாளி.

ஒரே வகைப் பொருளை ஒரே வாளியில் போடாதீர்கள். ஒவ்வொரு குழுவின் வாளியிலும் ஒரு நாடா, கைலென்ஸ், பென்சில் ஆறு, தரவுத்தாள், எட்டுப் போத்தல்; சட்டம் வாளிக்குள் அடங்காது, வெளியில் கட்டாகக் கட்டுங்கள். ஒரு வாளி துறையிலேயே நின்றுபோனாலும் மற்ற இரண்டு குழுவும் வேலை தொடங்கலாம். எதனோல் மட்டும் தனி, 4 லீற்றர் கான் இரண்டு, நிமிர்த்தி, கயிற்றால் கட்டி. நான்காவது நாடாவும் மேலதிக றப்பர் மூடியும் விரிவுரையாளரின் பையில். மூடிதான் எப்போதும் முதலில் தொலையும்.